சுழலும் உளியும் பத்து விரல்களும்

மரவேலை நடைபெறும் ஒரு வீட்டின் முன்னே நின்றால், நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் காதில் விழுந்த ஓசைகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, இழைப்புளி பலகையைச் சீவிக்கொண்டு போகும் ஓசை; மற்றொன்று, கொட்டாப்புளி உளியின் தலையில் விழும் ஓசை. இன்றோ அம்பாசமுத்திரம் சாலையிலும் பாளையங்கோட்டைத் தெருக்களிலும் புது வீட்டுக்கு நிலையும் கதவும் செய்யுமிடத்தில், காதைத் துளைக்கும் கீச்சொலி ஒன்று எழுகிறது. கையில் பிடித்து இயக்கும் ரூட்டர் என்னும் மின்கருவியின் குரல் அது. கதவின் விளிம்பை வளைத்து அழகுபடுத்தவும், கண்ணாடி பதிக்கக் காடி எடுக்கவும், கீல் அமரும் பள்ளத்தை வெட்டவும் அக்கருவி பயன்படுகிறது. அரைநாள் வேலையை அரைமணியில் முடித்துக் கொடுக்கிறது. அதே வேகத்தில் ஒரு விரலையும் எடுத்துவிடும் என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

இயந்திரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆசாரிமாரின் முதுகெலும்பு அறியும் அதன் அருமையை. ஆயினும், உளி பிடித்துப் பழகிய கை எதையெல்லாம் தானாகவே அறிந்திருந்ததோ, அவற்றுள் பலவற்றை இந்தக் கருவியிடம் மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுப்பார் இல்லை. கடையில் பெட்டியோடு வரும் விளக்கப் புத்தகம் பெரும்பாலும் தமிழில் இருப்பதில்லை. இருந்தாலும் பெட்டியோடு பரணுக்குப் போய்விடுகிறது.

நம் தாமிரபரணிக் கரையில் மரத்தொழிலுக்குக் குறைவில்லை. நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபையில் உள்ள மரச் சிற்பங்களைக் கண்டவர்கள், உளியும் கையும் சேர்ந்து எதைச் சாதிக்கும் என்பதை அறிவார்கள். அம்பாசமுத்திரத்தின் மரச் சொப்புகளோ நாடறிந்தவை. அடுப்பும் பானையும் ஆட்டுக்கல்லுமாகக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றி வந்த அந்தச் சிறு விளையாட்டுப் பொருள்களை வைத்து விளையாடாத பெண்குழந்தை இந்தப் பக்கத்தில் முன்பு அரிது. அந்தக் கடைசல் பட்டறையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அங்கே மரம் சுழல்கிறது. உளி ஓரிடத்தில் தாங்கி நிற்கிறது. ரூட்டரில் எல்லாம் தலைகீழ்: மரம் அசையாது கிடக்கிறது, உளி சுழல்கிறது. சுழலும் அந்த உளி கருவியின் அடித்தட்டுக்குக் கீழே, நம் கண்ணுக்கு மறைவாக வேலை செய்கிறது. பெருவாரியான விபத்துகளின் வேர் இந்த மறைவில்தான் இருக்கிறது.

முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கார்ட்டர் என்பவர் முடிவெட்டும் மின்கருவியின் மோட்டாரைக் கொண்டு இதற்கு முதல் வடிவம் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1929-ஆம் ஆண்டில் ஸ்டான்லி நிறுவனம் அந்தத் தொழிலை வாங்கியது. கருவியை மரத்தின் மேல் வைத்தபடியே பிட்டைக் கீழே அமுக்கி இறக்கும் வகையை 1949-இல் ஜெர்மனியில் எலு நிறுவனம் கொண்டுவந்தது. நம் பட்டறைகளில் இன்று காணும் பெரிய ரூட்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையின் வழி வந்தவையே. பூவேலைப்பாடுகளைக் கணினி இயக்கும் பெரிய இயந்திரங்கள் இப்போது செதுக்கித் தள்ளிவிட்டாலும், விளிம்புக்கும் காடிக்கும் கீலுக்கும் கைரூட்டரே துணை.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு

ரூட்டரின் மேல் ‘24,000’ என்று ஓர் எண் இருக்கும். ஒரு நிமிடத்தில் அத்தனை சுற்று என்பது பொருள். அதாவது ஒரு நொடிக்கு 400 சுற்று. பிட்டில் இரண்டு வெட்டுவாய் இருந்தால், நொடிக்கு 800 முறை மரம் வெட்டப்படுகிறது. நாம் ‘ஐயோ’ என்று சொல்லி முடிக்கும் முன்னே நானூறு ஐந்நூறு வெட்டு விழுந்திருக்கும். மின்னலைப் போல் கையை இழுத்துக்கொள்ளலாம் என்று இளைஞர் சொல்வதெல்லாம் வீண் பேச்சு.

இன்னொன்றையும் பாருங்கள். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு பிட்டின் விளிம்பு இந்த வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே வேகத்தில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய பிட்டைப் போட்டால், அதன் விளிம்பு மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்! அப்படிச் சுழலும் பிட் அதிரும். கருவி கையில் நில்லாது. வெட்டுவாயில் பற்றவைத்த கார்பைடு துண்டு தெறித்தால் துப்பாக்கிக் குண்டுக்கும் அதற்கும் வேறுபாடு குறைவு. ஆகவே பிட் பெரிதாகப் பெரிதாகச் சுழற்சி குறைய வேண்டும். 50 மில்லிமீட்டர் பிட்டுக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஏற்றாதிருப்பது நலம். வேகத்தைக் குறைக்கும் திருகு இல்லாத மலிவான கருவி வைத்திருப்பவர்கள் பெரிய பிட்டை வாங்கவே கூடாது. பிட்டின் தண்டில் அதன் உச்ச வேகம் பொறித்திருந்தால், அதுவே சட்டம்.

ஸ்விட்சைத் தொடுமுன்

அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில், என் உறவினர் வீட்டுக் கதவுகள் ஓர் ஆசாரியின் பட்டறையில் தயாராகிக் கொண்டிருந்தபோது, இரண்டு நாள் அங்கே அமர்ந்து வேடிக்கை பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஐம்பது வயது கடந்தவர். பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. “உளி வழுக்கப் போவுதுன்னா கைக்கு முன்னாடியே தெரியும், அண்ணாச்சி. இதுல தெரியுறப்போ முடிஞ்சிருக்கும். அதனால எல்லாத்தையும் ஸ்விட்சு போடுமுன்னயே பாத்துக்கிடணும்” என்றார். அவர் செய்வதைப் பார்த்தபோது, வெட்டும் நேரத்தைவிட ஆயத்தம் செய்யும் நேரமே மிகுதியாக இருந்தது.

பிட் மாற்றும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. விரல் வெட்டுவாய்க்கு மிக அருகில் இருக்கும் நேரம் அதுவே. அப்போது கருவி மடியில் உருண்டு, ஸ்விட்ச் தொடையில் அழுந்தினால் என்னவாகும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, நம் நாட்டுக் கடைகளுக்கே உரிய ஒரு சிக்கல். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் உறுப்புக்குக் காலெட் என்று பெயர். கடைகளில் 6 மில்லிமீட்டர் தண்டுள்ள பிட்டும் கிடைக்கிறது. கால் அங்குலத் தண்டுள்ள பிட்டும் கிடைக்கிறது. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 6 மில்லிமீட்டர் தண்டைக் கால் அங்குலக் காலெட்டில் போட்டு முறுக்கினால், இறுகிவிட்டதுபோலவே இருக்கும். வேலை தொடங்கிச் சூடேறியதும் தண்டு மெல்ல நழுவிக் கீழே இறங்கும். வெட்டு ஆழமாகிக்கொண்டே போகும். முடிவில் பிட் கழன்று பறக்கும். 12 மில்லிமீட்டருக்கும் அரை அங்குலமான 12.7-க்கும் இதே கதைதான். பிட்டும் காலெட்டும் ஒரே அளவுதானா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ‘எல்லாம் சேரும்’ என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

தண்டைக் காலெட்டின் அடிவரை செருகி, பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இழுத்துவிட்டு முறுக்க வேண்டும். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் பிடி சரியாக இறுகாது. நுனியை மட்டும் செருகிவிட்டு, ஆழம் போதவில்லை என்று பிட்டை வெளியே நீட்டுவது ஆபத்து.

பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு, உத்தரம், நிலை ஆகியவற்றை மறுபடி வேலைக்கு எடுப்பது நம் பக்கத்தில் வழக்கம். அத்தகைய மரத்தில் அறுபது வருஷத்து ஆணி தலை உடைந்து உள்ளே புதைந்திருக்கும். ஒரு காந்தத் துண்டை மரத்தின்மேல் மெல்லத் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

தேர் செல்லும் திசை

இப்போது சொல்லப்போவதே இந்தத் தொழிலில் மிக முக்கியமானது. மிகுதியான பேர் தவறு செய்வதும் இங்கேதான். ரூட்டரை மரத்தின் விளிம்பில் எந்தத் திசையில் நகர்த்துவது?

கருவியை மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. அந்தச் சுழற்சிக்கு எதிராக மரத்தைச் சந்திக்குமாறு கருவியைத் தள்ளினால், மரம் அதைத் தடுத்து நிற்கும். கை அதன் அழுத்தத்தை உணர்ந்து அடக்கிக்கொள்ளும். மாறாகச் சுழற்சியோடு ஒத்த திசையில் தள்ளினால், வெட்டுவாய் சக்கரம்போல் மரத்தைப் பற்றிக்கொண்டு ஓடத் தொடங்கும். கருவி கையை இழுத்துக்கொண்டு பாயும். காளை கயிறறுத்து ஓடினாற்போல் என்று அந்த ஆசாரி சொன்னது மிகையன்று.

நெல்லையில் பிறந்தவர்களுக்கு இதை நினைவில் வைக்க எளிய வழி உண்டு. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் நான்கு ரத வீதிகளிலும் வலமாகச் சுற்றி வருகிறது. கோயில் எப்போதும் தேரின் வலப்பக்கமே இருக்கிறது. ஒரு பலகையைக் கோயில் என்று வைத்துக்கொண்டால், அதன் வெளி விளிம்பைச் சுற்றிவரும் ரூட்டர் தேருக்கு நேர்மாறாக, இடமாகச் செல்ல வேண்டும். அதாவது, கருவி போகும் திசையை நோக்கி நின்றால் மரம் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கதவின் நடுவே கண்ணாடிக்காக விட்ட திறப்பின் உள் விளிம்பில் வேலை செய்யும்போதும் விதி இதுவே. ஆனால் இப்போது மரம் வெளிப்புறம் சூழ்ந்திருப்பதால், மரத்தை இடப்பக்கம் வைத்துப் போகும் கருவி தேரின் திசையிலேயே, வலமாகச் சுற்றும். ஐயம் எழுந்தால் வலக்கையின் உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து, கட்டைவிரலை மரத்தை நோக்கி நீட்டுங்கள். சுட்டுவிரல் காட்டும் திசை செல்ல வேண்டிய திசை.

சிலர் ரூட்டரைத் தலைகீழாக ஒரு மேசைப் பலகையின் அடியில் திருகிவைத்து, மரத்தை அதன்மேல் நகர்த்தி வேலை செய்கிறார்கள். அங்கே திசை முற்றிலும் மாறிவிடும். முன்னே நிற்பவர் மரத்தைத் தம் வலப்புறத்திலிருந்து இடப்புறமாகத் தள்ள வேண்டும். காலையில் கையிலும் மாலையில் மேசையிலும் வேலை செய்பவர்கள் மேசையின்மேல் சுண்ணக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட்டுவைப்பது நலம்.

வெட்டின் ஆழத்திலும் பேராசை கூடாது. 12 மில்லிமீட்டர் ஆழமுள்ள காடியை ஒரே இழுப்பில் எடுக்க முயன்றால் மோட்டார் திணறும், மரம் கருகும், கருவி உதைக்கும். மும்மூன்று மில்லிமீட்டராக நான்கு முறை ஓட்டினால் வேலையும் சுத்தமாக இருக்கும். நான்கு விளிம்புகளையும் வளைக்கும்போது குறுக்கு நாரமைந்த முனைகளை முதலில் முடித்து, நீளவாட்டை இறுதியில் ஓட்டினால், மூலையில் பெயரும் சிராயையும் அந்தக் கடைசி ஓட்டம் நீக்கிவிடும்.

கரண்டு போய் வரும்போது

தாமிரபரணியின் நீரைக்கொண்டு பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டிலேயே மின்னுற்பத்தி தொடங்கிவிட்டது. ஆயினும் சொல்லாமல் கொள்ளாமல் கரண்டு போவது நம் பட்டறைகளுக்குப் புதிதன்று. மரத்தின்மேல் ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, கரண்டு நின்றுவிடுகிறது. ஆசாரி கருவியைப் பலகைமேல் சாய்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். ஸ்விட்ச் ‘ஆன்’ நிலையிலேயே இருக்கிறது. கால்மணி கழித்துக் கரண்டு வந்ததும், யாரும் பிடிக்காத கருவி தானே சுழன்று மேசையிலிருந்து குதிக்கிறது. நான் பார்த்திருந்த இரண்டு நாளில் ஒருமுறை மின்தடை ஏற்பட்டது. ஓசை அடங்கிய அக்கணமே அந்த ஆசாரியின் விரல் ஸ்விட்சை அணைத்தது. பிறகுதான் தலை நிமிர்ந்தது. மின்தடைக்குப்பின் ஸ்விட்சை அணைத்துப் போட்டாலொழிய ஓடாத கருவிகள் இப்போது வந்துள்ளன. அடுத்த கருவி வாங்குவோர் அதைக் கேட்டு வாங்கலாம்.

பிளக் இல்லாத ஒயரின் இரு முனையையும் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. குற்றாலத்துச் சாரல் அம்பாசமுத்திரம் வரை வீசும் நாள்களில், ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அந்தத் தீக்குச்சியே கொள்ளிக்கட்டை. மின்கசிவு ஏற்பட்டால் நொடிப்பொழுதில் தொடர்பைத் துண்டிக்கும், 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பட்டறையின் மின்பலகையில் பொருத்திவிட வேண்டும். ஒரு நல்ல பிட்டுப் பெட்டி வாங்கும் செலவைப் பார்த்து அஞ்சாதவர், இதற்கு அஞ்சக் காரணமில்லை.

பலகையைப் பிடிக்கும் பிள்ளை

வீட்டின் பின்கட்டிலோ திண்ணையிலோ பட்டறை வைத்திருக்கும் குடும்பங்களில் ஒரு வழக்கத்தை அடிக்கடி காண்கிறோம். சிறு பலகையை வெட்ட வேண்டியிருந்தால், “ஏலே, இங்க வந்து இதைப் பிடி” என்று மகனை அழைப்பார்கள். பலகையின் மறுமுனையில் பிள்ளையின் இரண்டு கையும் இருக்கும். நடுவே பிட் சுழலும். சில இடங்களில் மனைவி பிடிக்கிறாள். பலகை உதைத்தால் முதலில் போவது பிடித்தவர் விரல். கருவியை ஓட்டுபவர் விரல் கைப்பிடியில் பத்திரமாக இருக்கும்! இதைப்பற்றி எத்தனை கடுமையாகச் சொன்னாலும் தகும். இரும்புக் கிளாம்ப் இரண்டு வாங்கிப் பலகையை மேசையோடு இறுக்கிவிட்டால், யாரும் பிடிக்க வேண்டியதில்லை. ஓட்டுபவரும் கருவியின் இரண்டு கைப்பிடிகளையும் இரண்டு கையால் பிடிக்கலாம். பிடிக்க முடியாத அளவு சிறிய துண்டாயின், பெரிய பலகையிலேயே விளிம்பை வெட்டிவிட்டுப் பிறகு அறுத்துக்கொள்ள வேண்டும்.

உடையைப்பற்றி இரண்டு சொற்கள். தோளில் துண்டு, தளர்ந்த கைலி, தொங்கும் முழுக்கைச் சட்டை மூன்றும் ஆகா. மணிக்கட்டில் கட்டிய கயிறாயினும் கழுத்தில் தொங்கும் ஜெபமாலையாயினும் சுழலும் பிட்டுக்கு வேற்றுமை தெரியாது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலை தொடங்குங்கள். கையுறை அணிந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. சுழலும் கருவியில் கையுறையின் நூல் சிக்கினால், கையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும்.

மூக்கும் காதும் மெல்ல மெல்லக் கெடுவதால் யாரும் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்து 1995-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மூக்கினுள் தோன்றும் புற்றே அதில் முதன்மையானது. துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வதால் நுண்தூள் நிற்காது; அதற்கென உள்ள முகமூடி வேண்டும். ஓசையைப் பொறுத்தவரை, 85 டெசிபல் ஒலியை எட்டுமணி நேரம் காது தாங்கலாம் என்று வைத்தால், ஒலி 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் தாங்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபலுக்கு ஒருமணி நேரமே. ரூட்டரின் ஒலி எளிதில் அந்த அளவைத் தாண்டிவிடும். பேசும்போது எதிரிலிருப்பவர் வாயையே உற்றுப் பார்க்கும் மூத்த ஆசாரிமாரை நீங்களும் பார்த்திருக்கலாம்.

எல்லாக் கவனத்தையும் மீறி விரல் துண்டித்துவிட்டால், பதறாமல் செய்ய வேண்டியதை வீட்டிலுள்ள பெண்களும் அறிந்திருக்க வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேரே சதையில் படக்கூடாது. பட்டால் சதை கெட்டுவிடும். 108-ஐ அழைத்து, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு விரைய வேண்டும். ரூட்டர் வெட்டிய விரல் அரிவாள் வெட்டுப்போல் நேராக இராது, சிதைந்திருக்கும் என்பதால் மறுபடி பொருத்துவது கடினம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் முழுதும் போனால் உழைக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்றும், சுட்டுவிரல் போனால் 14 சதவீதம் என்றும் கணக்கிட்டது. கட்டைவிரல் இல்லாமல் உளி பிடித்துப் பார்க்கச் சொன்னால் அந்த 30 சதவீதம் எவ்வளவு கருமித்தனம் என்பது விளங்கும். அந்த இழப்பீடுங்கூட முதலாளியிடம் வேலை செய்பவர்களுக்கே. தனியே தொழில் செய்பவர்களுக்கு 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் உண்டு. கட்டட மரவேலை செய்வோரும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவர்களும் உரிய காலத்தில் அதைப் புதுப்பிக்க மறக்கலாகாது.

அந்தப் பட்டறையிலிருந்து நான் புறப்பட்ட நாளன்று ஒன்றைக் கவனித்தேன். காலெட்டை முறுக்கும் ஸ்பேனரை அந்த ஆசாரி ரூட்டர் ஒயரின் நுனியில், பிளக்குக்குப் பக்கத்திலேயே, குட்டைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். பிட் மாற்ற வேண்டுமானால் ஸ்பேனர் கருவியிடம் வந்தாக வேண்டும்; பிளக்கைப் பிடுங்காமல் ஸ்பேனர் வராது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “எம் மருமவன் கைய ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்த அன்னைக்குக் கட்டுனது, அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.